புதிய மோட்டார் வண்டிகளும் நம்மூர் மேஸ்திரியும்

தமிழ் பயிலும் மாணவர்க்கு மோட்டார் வண்டியைப்பற்றி எழுத என்ன உரிமை உண்டு என்று இக்கட்டுரையின் தலைப்பைக் கண்ட அன்பர் சிலர் வினவக்கூடும். அன்னார்க்கு யாம் கூறும் விடை இரண்டு. பண்டைத் தமிழ்ப் புலவர் தேரைப் பாடுங்கால் அதனைச் செய்த தச்சனையும் செலுத்திய வலவனையும் மறந்தாரல்லர். ஆதலின் ஊர்தியைப்பற்றி எழுதுவது தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று என்பது ஒன்று. எம் தந்தையார் கடலூரில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். எம் உண்டியும் உடையும் கல்லூரிக் கட்டணமும் நான்கு சக்கரங்களின்மேல் உருண்டு வந்தவை என்பது மற்றொன்று. இவ்விரண்டனுள் பின்னதே வலியது.

அன்றியும், எமக்கு இளமைதொட்டே மோட்டார் வண்டிகளின்மேல் தீராத காதல் உண்டு என்பதையும் மறையாது கூறிவிடுகிறோம். செய்தித்தாள்களில் வரும் புதுவண்டிகளின் படங்களைக் கத்தரித்து ஒட்டிய குறிப்பேடுகள் நான்கு எம்மிடம் உள்ளன. திருப்பாதிரிப்புலியூர்ப் புகைவண்டி நிலையத்தின் முன்னே நின்றுகொண்டு, கண்ணை மூடி, வரும் வண்டியின் ஒலியைக்கொண்டே அதன் பெயரைச் சொல்லும் பந்தயத்தில் யாம் பலமுறை வென்றதுண்டு. விடுதியில் இரவு உணவுக்குப்பின் நண்பர் குழாத்தில் எழும் வாதங்களில், குதிரைத்திறன் எவ்வளவு, நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை நொடி, கண்ணாடித்திரை எத்தனை அங்குலம் என்று முழங்குவோருள் யாமும் ஒருவர். வெயிலுக்கு அஞ்சிக் குடை பிடிக்கும் நம் ஊரில், வண்டியின் கூரையில் சாளரம் வைத்தால் அதற்கென மேலும் பணம் கொடுத்து வாங்குவாரைக் கண்டு நகைத்ததும் உண்டு; அவ்வண்டியில் ஒருமுறையேனும் ஏறமாட்டோமா என்று ஏங்கியதும் உண்டு.

எனவே, புதுவண்டியை வெறுக்கும் மனத்தோடு யாம் எழுதப் புகுந்தோமல்லோம் என்பதை வாசகர் நினைவிற்கொள்வாராக. புதுவண்டிகளைப்பற்றிய செய்திகள் எவற்றையெல்லாம் நமக்குச் சொல்லாமல் விடுகின்றன என்பதை, எம் வீட்டில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளைக்கொண்டு விளக்கவே இங்கு முற்படுகின்றோம்.

எம் தந்தையாரிடம் முன்பு இருந்தது ஓர் அம்பாசிடர் கார், டீசல் வண்டி. யாம் பிறப்பதற்கு முந்திய ஆண்டில், பிறர் ஓட்டிக் கழித்ததை அவர் வாங்கினார். அதில் அவர் ஏற்றிச்செல்லாத மணமக்கள் இலர். மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்காத நோயாளர் இலர். கடலூரினின்றும் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் செல்லும் ஏறக்குறைய 45 கிலோமீட்டர்ச் சாலையே அவ்வண்டியின் வாழ்நாட்பாதை. அச்சாலையின் கீழ்ப்புறத்தே கடல் அணித்தாக இருத்தலின் உப்புக்காற்று இரும்பை ஓயாது அரிக்கும். அங்ஙனம் அரித்த இடங்களையெல்லாம் தகடு வைத்துப் பற்றவைத்து, அவ்வண்டியை வாழவைத்தவர் சிதம்பரத்துப் பட்டறை மேஸ்திரி ஒருவர். இளமையில் எம் தந்தையார் அவரிடமே கையாளாக இருந்து தொழில் கற்றார். இன்றும் அவரை 'அண்ணே' என்றே அழைப்பார்.

2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை இம்மாவட்டத்தார் எவரும் மறந்திரார். அப்பொழுது எமக்கு வயது ஒன்பது. எம் தெருவில் புகுந்த வெள்ளம் அம்பாசிடரின் இருக்கைவரை ஏறி நின்றது. நீர் வடிந்தபின், சரக்கு ஏற்றப்போகும் லாரி ஒன்றின் பின்னே கயிறு கட்டி வண்டியைச் சிதம்பரத்துக்கு இழுத்துச் சென்றனர். யாமும் உடன் சென்றோம். மேஸ்திரி எஞ்சின் ஆயிலை வடித்தார், டீசல் டாங்கைக் கழற்றிக் கழுவினார், வடிகட்டிகளை மாற்றினார், வெயில் இல்லாத நாளாதலின், ஸ்டார்ட்டர் மோட்டாரையும் டைனமோவையும் பிரித்து அடுப்பனலில் காட்டி உலர்த்தினார், டீசல் குழாயில் நின்ற காற்றை வெளியேற்றினார். மூன்றாம் நாள் மாலை அவ்வண்டி கரும்புகை கக்கி, இருமி, உயிர்பெற்றது. அதற்கு எம் தந்தையார் கொடுத்த கூலி ஒரு வாரச் சம்பாத்தியத்துக்கும் குறைவே. நான்காம் நாள் அதே வண்டி, வெள்ளத்தால் வீடிழந்தார்க்கு எம் சபையார் திரட்டிய அரிசி மூட்டைகளைச் சுமந்து சென்றது.

நிற்க. அவ்வண்டிக்கு முதுமை வந்தது. உதிரிபாகங்கள் அரிதாயின. 2019-ஆம் ஆண்டில் எம் தந்தையார் கடன் பெற்றுப் புதிய வண்டி ஒன்று வாங்கினார். எந்நிறுவனத்தின் வண்டி என்பது ஈண்டு வேண்டாத செய்தி. எந்நிறுவனத்ததாயினும் கதை பெரிதும் வேறுபட்டிராது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின் மழையால் தென்பெண்ணையாறு பெருகிக் கடலூரின் பல பகுதிகளை மூழ்கடித்தது. இம்முறை எம் தெருவில் வெள்ளம் முன்போல் உயரவில்லை. வண்டியின் காலடித் தளத்தை மட்டுமே நனைத்தது. எஞ்சினுக்குள் ஒரு துளி நீரும் புகவில்லை. ஆயினும் வண்டி எழவில்லை. தளத்தருகே அமைந்த சிறிய கணினிப்பெட்டி ஒன்றும் அதனோடு இணைந்த கம்பிக்கற்றையும் நனைந்ததே காரணம் என்று நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் கூறினர். பெட்டியைப் பழுதுபார்த்தல் இயலாது, புதியதே வேண்டும். அது வெளியூரிலிருந்து வரவேண்டும். வந்தபின் நிறுவனத்தின் இரகசியக் குறியெண்ணைக்கொண்டு வண்டியோடு பொருத்தவேண்டும் என்றனர்.

எம் தந்தையார் சிதம்பரத்து மேஸ்திரியை அழைத்துவந்து காட்டினார். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், தளவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார், பின் அமர்ந்துவிட்டார். "தம்பி, கோளாறு இருக்கும் இடம் தெரிகிறது. கம்பியை நான் மாற்றிவிடுவேன். ஆனால் அந்தப் பெட்டியோடு பேச என்னிடம் கருவி இல்லை. கருவியைக் கடன்பட்டு வாங்கினாலும் பூட்டைத் திறக்க எண் வேண்டும். அதை எனக்கு எவன் தருவான்?" என்றார். நாற்பது ஆண்டு இரும்போடு பழகிய ஒருவர் அங்ஙனம் கைகளை மடிமீது வைத்து அமர்ந்திருந்ததை யாம் அதற்குமுன் கண்டதில்லை.

வண்டி பட்டறையில் 47 நாள் நின்றது. காப்பீடு ஒரு பங்கையே ஈடுசெய்தது. எஞ்சியதைக் கட்ட, எம் தமக்கையாரின் செவிலியர்க் கல்விக்கென வைத்திருந்த பணம் சென்றது. கிறிஸ்துமஸ் பருவத்துச் சவாரிகளும் தைத் திங்களின் முதல் முகூர்த்தங்களும் கைநழுவின. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் இரவு ஆராதனைக்கு எம் குடும்பத்தார் நடந்தே சென்றோம். வழியில் எம் தந்தையார் எம்மை நோக்கி, "நீதான் எல்லா வண்டியைப்பற்றியும் படிக்கிறாயே. தண்ணீர் எவ்வளவு ஏறினால் இது நின்றுபோகும் என்று எந்தப் புத்தகத்திலாவது போட்டிருந்தானா?" என்று கேட்டார். வீடு திரும்பியதும் யாம் எம் நான்கு குறிப்பேடுகளையும் புரட்டிப் பார்த்தோம். குதிரைத்திறன் இருந்தது; கண்ணாடித்திரையின் அங்குலம் இருந்தது; அவர் வினாவுக்கு விடை இல்லை.

இந்நிகழ்ச்சிகளைக் கேட்ட நண்பர் ஒருவர், "அவ்வாறாயின் அம்பாசிடரே மேல் என்பது உம் கருத்தோ?" என்றார். அன்று என்பதே எம் விடை. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கில வண்டியை அடியொற்றி, வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தோன்றிய அவ்வண்டி, அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெரிய மாறுதலின்றி வெளிவந்தது. அதற்குக் காரணம் அதன் சிறப்பு மட்டுமன்று, போட்டியின்மையும் ஆகும். வேறு வண்டி கிட்டாமையால் மக்கள் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அது குடித்த எண்ணெய் மிகுதி. கக்கிய புகை மிகுதி. மோதலில் உயிர்காக்கும் காற்றுப்பை எம் தந்தையாரின் அம்பாசிடரில் இல்லை. 2019 ஜூலை முதலாக ஓட்டுநர்க்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் முதலாகப் புகையைக் குறைக்கும் பி.எஸ். 6 விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2023-இல் வண்டிகளை மோதவைத்து ஆராய்ந்து நட்சத்திரம் வழங்கும் பாரத் என்கேப் என்னும் திட்டம் தொடங்கிற்று. இவை யாவும் நன்மைகளே. காற்றுப்பை இருந்தமையால் உயிர்பிழைத்தோர் உளர். அவருள் எம் தந்தையாரின் தோழர் ஒருவரும் உளர். கணினிப்பெட்டி இன்றி இந்நன்மைகளுள் பல கைகூடா. ஆதலின் பழைய வண்டிக்கு மீள்வோம் என்பது அறிவுடையார் கூற்றாகாது.

எம் வழக்கு அதுவன்று. வண்டி புதியதாகுக, அதனைத் திறக்கும் உரிமை பழையபடி நிற்க என்பதே எம் வழக்கு.

இவ்வகையில் 2014-ஆம் ஆண்டு நினைவிற்கொள்ளத் தக்கது. அவ்வாண்டு ஜனவரியில், 1983 டிசம்பரில் பிறந்து நடுத்தரக் குடும்பங்களை முதன்முதலாகக் காரில் ஏற்றிய மாருதி 800-இன் உற்பத்தி முடிவுற்றது. மே மாதத்தில் அம்பாசிடரின் உற்பத்தி நின்றது. எந்த ஊரிலும் எந்த மரத்தடியிலும் எந்த மேஸ்திரியும் பிரித்துப் பூட்டவல்ல வண்டிகள் இரண்டும் ஓராண்டிலேயே விடைபெற்றன. அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள், இந்தியப் போட்டி ஆணையம் ஒரு தீர்ப்பு அளித்தது. 14 கார் நிறுவனங்கள் தம் உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிட்டாதபடி தடுத்துப் போட்டியைக் கெடுத்தன என்று கூறி, அவற்றுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. உதிரிபாகங்களும் கருவிகளும் செய்முறை நூல்களும் தனிப்பட்ட பட்டறையார்க்கும் கிட்டவேண்டும் என்று கட்டளையிட்டது. அத்தீர்ப்பின்மேல் முறையீடுகள் எழுந்தன; வழக்குகள் நீண்டன. ஆயினும் ஒரு பேருண்மை அன்றே பொறிக்கப்பட்டுவிட்டது: வண்டியை விற்றவன் அதனைப் பழுதுபார்க்கும் அறிவைத் தன்னிடமே பூட்டி வைத்துக்கொள்ளுதல் முறையன்று.

பின்னர், 2022 டிசம்பர் 24-ஆம் நாள், தேசிய நுகர்வோர் தினத்தன்று, நடுவணரசின் நுகர்வோர் துறையினர் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு வலைத்தளத்தைத் திறந்துவைத்தனர். உழவுக் கருவிகள், கைபேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வண்டிகள் என்னும் நான்கு துறைகள் அதில் இடம்பெற்றன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012-ஆம் ஆண்டிலேயே இவ்வுரிமைக்கு வாக்களித்து அதனைச் சட்டமாக்கினர். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பழுதுபார்க்கும் விவரங்களைத் தனிப்பட்ட பட்டறையார்க்கும் நிறுவனங்கள் அளிக்கவேண்டும் என்னும் விதி உண்டு. ஆகவே யாம் கேட்பது உலகில் எங்கும் இல்லாத ஒன்றன்று.

இதற்கு நிறுவனத்தார் கூறும் மறுப்பும் ஆராயத்தக்கதே. பயிற்சியில்லாதார் காற்றுப்பையையும் நிறுத்துகருவியையும் தொட்டால் உயிருக்கு ஆபத்து விளையும். இரகசிய எண் வெளிப்பட்டால் திருடர்க்கு வழி திறக்கும் என்பர். இரண்டும் பொய்யல்ல. ஆயினும் இவற்றினின்றும் பெறப்படுவது யாது? பயிற்சி அளிக்கவேண்டும் என்பதன்றோ! மருந்து தவறினால் உயிர் போம் என்பதற்காக மருத்துவத்தை ஒரே மருத்துவமனைக்குள் அடைத்துவைப்பாருண்டோ? கற்பித்து, தேர்வு நடத்தி, சான்றளித்து, பெயரைப் பதிந்து, அதன்பின் கருவியையும் எண்ணையும் கொடுக்கட்டும். தவறு செய்தவன் சட்டத்தின்முன் விடை சொல்லட்டும். பயிற்சி தாராமல், பயிற்சியில்லை என்று கதவை அடைப்பது நேர்மையாகாது.

ஈண்டு மற்றொன்றும் கூறவேண்டும். பூட்டிய வண்டியால் கெடுவது பட்டறைக்காரரின் வயிறு மட்டுமன்று. நாட்டின் கல்வியும் கெடும். கோவை ஜி. டி. நாயுடு அவர்களின் வரலாற்றை அறியாத மாணவர் இரார். இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலைசெய்து பணம் சேர்த்து, அதனையே விலைக்கு வாங்கி, ஓட்டுவதற்கு முன் அக்கக்காகப் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டினார் என்பர். பள்ளிப்படிப்பை முற்றும் பெறாத அவர்க்கு அவ்வண்டியே கல்லூரியாயிற்று. 1920-இல் ஒரே பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொடங்கிய அவரது தொழில், பின்னர்ப் பல பொறிகளின் பிறப்பிடமாயிற்று. அவ்வண்டி ஓர் இரகசிய எண்ணால் பூட்டப்பட்டிருந்தால் அவர் யாது செய்திருப்பார்? இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் அருகியபொழுது நம் நாட்டுப் பேருந்துகள் கரிவாயுவால் ஓடின, டி.வி.எஸ். நிறுவனத்தார் அதற்கான கலத்தைச் செய்து அளித்தனர். அக்காலத்து எஞ்சினுக்குள் கைநுழைய இடமிருந்தமையால் அன்றோ அது கைகூடிற்று!

நிறுவனங்கள் வரும், போம். ஊரும் வண்டியும் நிற்கும் என்பதையும் நாம் அண்மையிற் கண்டோம். தனித்தமிழ் கண்ட மறைமலையடிகளை நாம் அறிவோம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய அப்பெரியாரின் பெயர் தாங்கிய மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1999-இல் ஐகான் என்னும் வண்டியைக் கண்டு வியந்த தமிழ்நாடு, 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்துவதாக அறிவித்ததையும், 2022-இல் அத்தொழிற்சாலையில் உற்பத்தி ஓய்ந்ததையும் கண்டது. உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் தொடரும் என்று நிறுவனத்தார் உறுதி கூறினர். அஃது அவர்தம் நற்பண்பு. ஆயினும் வண்டி வாங்கியவன், ஒரு நிறுவனத்தின் நற்பண்பை மட்டும் நம்பி இருக்கும் நிலை நன்றன்று. இதற்கு ஒரு பழைய சான்று எம் தந்தையாரின் சவாரிச் சாலையின் அருகிலேயே உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். அங்கு உருக்கிய இரும்பு இங்கிலாந்துக்கும் சென்றது. அவ்வாலை நெடுங்காலம் நிலைபெறவில்லை. முதலாளியோடு வரும் தொழில் முதலாளியோடு போம். ஊராரிடம் ஊன்றிய தொழிலே நிற்கும்.

இனி, வருங்காலம் மின்சார வண்டிகளின் காலம் என்பர். 2025 ஆகஸ்டு 4-ஆம் நாள் தூத்துக்குடியில் வியத்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. ஆண்டுக்கு 50,000 வண்டிகளைச் செய்யும் ஆற்றலோடு தொடங்கி, 1,50,000 வரை விரிவாக்கும் திட்டம் உடையது அது. இச்செய்தி கேட்டு யாம் துள்ளிக் குதித்தோம். தென்பாண்டிக் கடற்கரையில் கார் பிறப்பது தமிழர்க்குப் பெருமையன்றோ! மின்சார வண்டியில் அசையும் உறுப்புகள் குறைவு, ஆயில் மாற்றும் தொல்லை இல்லை, புகை இல்லை. ஆயினும் அதன் உயிர் முழுவதும் மின்கலத்திலும் கணினியிலும் அடங்கியுள்ளது. அவ்விரண்டும் பூட்டப்பட்டவையாயின், சிதம்பரத்து மேஸ்திரிக்கு அவ்வண்டியில் எஞ்சுவன நான்கு டயர்களே. ஆகவே பழுதுபார்க்கும் உரிமையைப்பற்றி நாம் பேசவேண்டிய காலம் இதுவே; வண்டிகளெல்லாம் மாறியபின் பேசுவதாற் பயனில்லை.

ஆயின் செய்யத்தக்கது யாது? முதலாவதாக, புதுவண்டிகளைப்பற்றி எழுதுவோர் தம் அளவுகோலை மாற்றவேண்டும். முதல் நாள் எப்படி ஓடும் என்பதோடு பத்தாம் ஆண்டில் எப்படி ஓடும் என்பதையும் எழுதுக. கணினிப்பெட்டி எவ்வளவு உயரத்தில் உள்ளது, அதன் விலை யாது, வர எத்தனை நாள், வெளிப் பட்டறையில் அதனைப் பொருத்த இயலுமா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை எழுதுக. வெள்ளமும் உப்புக்காற்றும் உள்ள கடற்கரை மாவட்டத்தார்க்குக் கூரைச் சாளரத்தைக் காட்டிலும் இவை இன்றியமையாதன.

இரண்டாவதாக, கல்விச்சாலைகள் முன்வரவேண்டும். 1929-இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் உள்ளது. அதன்கண் பொறியியற் புலமும் உண்டு. மேஸ்திரியின் பட்டறையோ அதே ஊரில் உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு நடந்து செல்லும் தொலைவே. ஆயினும் ஒருவரையொருவர் அறிந்திலர். விடுமுறை நாள்களில் ஊர்ப் பட்டறையார்க்குக் கணினிப்பெட்டியின் இயல்பையும் மின்கலத்தின் ஆபத்தையும் கற்பிக்கும் வகுப்புகள் பல்கலைக்கழகங்களிலும் ஐ.டி.ஐ.களிலும் நடைபெறுமாயின், பயிற்சியில்லாதார் என்னும் குற்றச்சாட்டு தானே அழியும்.

மூன்றாவது பணி தமிழ் மாணவராகிய எம்மைச் சார்ந்தது. செய்முறை நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஸ்பானரைப் பிடிக்கும் கைகளிற் பல தமிழே அறிந்தவை. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வாழ்ந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, தமிழ் மாணாக்கரை மருத்துவராக்கினார். உடலின் நரம்பையும் நாளத்தையும் தமிழிற் சொல்ல அன்று இயன்றதாயின், வண்டியின் கம்பிக்கற்றையைச் சொல்ல இன்று இயலாதோ? தமிழ் ஆனர்ஸ் மாணவர் நால்வரும் பொறியியல் மாணவர் இருவரும் ஒரு மேஸ்திரியும் ஓராண்டு கூடி உழைத்தால் நல்ல கையேடு ஒன்று எழும். பட்டறையில் வழங்கும் சொற்களை இகழாது அவற்றையே கொண்டு எழுதினால் அது பயன்படும். இதனை யாம் வெறும் பேச்சாகக் கூறவில்லை; எம் நான்கு குறிப்பேடுகளை மூடிவிட்டு ஐந்தாவதாக ஒன்றைத் திறந்துள்ளோம். அதில் படங்கள் இல்லை. சிதம்பரத்து மேஸ்திரி சொல்லச் சொல்ல யாம் எழுதிய சொற்கள் இதுகாறும் 212 உள்ளன. துணைசெய்ய விரும்பும் நண்பர் எம்மை விடுதியிற் காண்பாராக.

சிதம்பரத்தில் ஆனித் திங்களிலும் மார்கழித் திங்களிலும் தேர்த் திருவிழா நிகழ்வதை இம்மாவட்டத்தார் யாவரும் அறிவர். கீழவீதியில் நிற்கும் ஐந்து தேர்களையும் திருவிழாவுக்கு முன்னர்த் தச்சர்கள் சுற்றிப் பார்ப்பர். உளுத்த கட்டையை மாற்றுவர். சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பர். கிறிஸ்தவராகிய யாம் அத்தேரின் வடம் பிடித்தோமல்லோம். ஆயினும் எம் தந்தையாரின் வண்டி வீதிமுனையில் நிற்க, அத்தச்சரின் கைவினையைப் பலமுறை நின்று கண்டதுண்டு. ஒரு கட்டை போனால் மறு கட்டை இடலாம் என்பதாலேயே தேர் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. திருவள்ளுவரும் பெரிய தேருக்குச் சிறிய அச்சாணியே உறுதி என்பதைக் காட்டி, தோற்றத்தில் எளியாரை இகழலாகாது என்றார். மோட்டார் வண்டியாகிய தேருக்கு அச்சாணி யார் என்று வினவின், கரியும் எண்ணெயும் படிந்த சட்டையோடு நிற்கும் நம்மூர் மேஸ்திரியே என்போம்.

எம் தந்தையார் இப்பொழுதும் அதே புதுவண்டியைத்தான் ஓட்டுகிறார். தவணை முடிய இன்னும் ஓராண்டு உள்ளது. மழை வரும் என்று வானொலியிற் கேட்டதும், நள்ளிரவாயினும் எழுந்து, வண்டியைக் கொண்டுபோய் மேட்டுத் தெருவில் நிறுத்திவிட்டு நனைந்தபடி திரும்பி வருகிறார். அவ்வண்டி நனைந்தாலும் ஊரிலேயே பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்னும் நாள் வருமாயின், அன்று அவர் படுத்து உறங்குவார். அந்நாள் விரைவில் வருக என்பதே எம் வேண்டுதல்.